சத்தம் கேட்டால் நிறுத்துங்கள்



சென்ற ஆண்டு ஒரு நாள் காலை எங்கள் நிலையத்துக் கணினி இயங்க மறுத்தது. உள்ளேயிருந்து 'டிக், டிக்' என்று ஒரு சத்தம். நிறுத்துவதும் மீண்டும் போடுவதுமாக ஐந்தாறு தடவை முயன்றேன். கையால் தட்டியும் பார்த்தேன். செய்ததெல்லாம் பிழை என்று பிறகுதான் தெரிந்தது.

அதன் ஹார்ட் டிஸ்க்கில் பெண்கள் எங்களிடம் சொன்ன வாக்குமூலங்களும், அவர்கள் தந்த குடும்பப் படங்களும் இருந்தன. படுவான்கரையிலிருந்து வரும் அம்மா ஒருவர், காணாமற்போன மகனின் ஒரேயொரு படத்தை 2010 இல் கொண்டுவந்து ஸ்கான் செய்வித்திருந்தார். 2011 ஜனவரி வெள்ளத்தில் வீட்டிலிருந்த படம் ஊறி அழிந்துவிட்டது. "என்ட புள்ளட படம் உங்கட கொம்பியூட்டருக்குள்ள இரிக்கிதானே மகள்" என்று வரும்போதெல்லாம் கேட்பார். ஓம் என்பேன். அதில் ஒன்றை அச்சிட்டு அவர் கையில் கொடுக்க எனக்குத் தோன்றவில்லை.

கணினி திருத்தும் தம்பி ஒருவர் தொலைபேசியில் அந்தச் சத்தத்தைக் கேட்டதும், "அக்கா, உடனே நிப்பாட்டுங்க" என்றார். பிறகு விளங்கப்படுத்தினார். ஹார்ட் டிஸ்க்கினுள் தட்டுகள் நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 தடவை சுழல்கின்றன. தலைமயிரின் தடிப்பிலும் பல ஆயிரம் மடங்கு குறைந்த இடைவெளியில், வாசிக்கும் முனைகள் அவற்றின்மேல் மிதக்கின்றன. பழுதான முனை தட்டில் உரசினால் அங்கே பதிந்தது சுரண்டுப்பட்டுப் போகும். அதை எவராலும் மீட்க முடியாது. நான் ஒவ்வொரு தடவை போட்டதும் அந்த ஆபத்தோடுதான்.

தவறுதலாக அழித்த கோப்பு வேறு விடயம். சாதாரண ஹார்ட் டிஸ்க்கில் அந்த இடத்தில் புதிதாக எதுவும் பதியும் வரை பழையது அங்கேயே இருக்கும். ஆகவே வேலையை நிறுத்திவிட்டு, டெஸ்ட்டிஸ்க், போட்டோரெக் போன்ற இலவச மென்பொருள்களால் தேடலாம். மீட்பதை வேறொரு டிஸ்க்கில்தான் சேமிக்க வேண்டும்.

எங்களுடையதைத் தூசியில்லாத அறையில் திறந்து முனைகளை மாற்ற வேண்டியிருந்தது. அதற்குக் கொழும்புக்கு அனுப்ப வேண்டும். அப்போது தம்பி கேட்டார்: "அதுக்குள்ள இருக்கிறத அவங்க பாப்பாங்க. பரவாயில்லையா அக்கா?"

பதில் சொல்ல எனக்கு உரிமை இல்லை. பெண்களை அழைத்துக் கேட்டோம். பலர் சம்மதித்தனர். ஒருவர் மட்டும், "நான் உங்கள நம்பிச் சொன்னது. வேற ஆக்கள் பாக்கக் கூடாது" என்றார். நீண்ட நேரம் பேசினோம். முடிவில் எல்லோரும் அவர் பக்கம் நின்றனர். படங்களை மட்டும் எடுப்பது, வாக்குமூலங்களைத் தொடாமல் டிஸ்க்கைத் திருப்பித் தருவது என்று எழுத்தில் ஒப்பந்தம் வாங்கி அனுப்பினோம். அந்த வாக்குமூலங்கள் எங்களுக்கு இழப்புத்தான். விரும்பியவர்கள் மீண்டும் சொல்கிறார்கள்.

படங்களில் பெரும்பகுதி வந்தது. அம்மாவின் மகனுடைய படம் பாதிதான். கீழ்ப்பாதி வெறும் சாம்பல் நிறம். தயங்கித் தயங்கித்தான் கொடுத்தேன். அம்மா விரலால் தடவிப் பார்த்தார். "முகம் இரிக்கி. காணும்" என்றார்.

சகோதரிகளே, முக்கியமானவற்றை மூன்று பிரதிகளாக வையுங்கள். அவற்றில் ஒன்று வேறு ஊரில் இருக்கட்டும். பென்டிரைவ் சத்தமில்லாமலே பழுதாகிவிடும். அதை மட்டும் நம்ப வேண்டாம். பிரதிகளை இடைக்கிடை திறந்து பாருங்கள். அந்தரங்கமானவற்றைக் கடவுச்சொல்லிட்டுப் பூட்டுங்கள்.

உங்கள் படத்தையோ கடிதத்தையோ ஒரு நிறுவனம் வாங்கி வைத்திருந்தால், ஒரு பிரதியைக் கேட்டு வாங்குங்கள். வெட்கப்பட வேண்டாம். கேளாமலே தந்திருக்க வேண்டியவர்கள் நாங்கள்தான்.