தோப்பு சுற்றும் நாய்க்கு உண்ணிக் காய்ச்சல்... உஷார்!

வயல், தோப்பு என்று சுற்றிவிட்டு வரும் நாய், உண்ணியையும் சுமந்து வரும். வந்ததும் காது மடல், கழுத்துப்பட்டையின் அடிப்பகுதி, கால்விரல் இடுக்குகளைத் தடவிப் பாருங்கள். உண்ணி தட்டுப்பட்டால் சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து, நேராக இழுங்கள். நசுக்கவோ, மண்ணெண்ணெய் ஊற்றவோ வேண்டாம். மாட்டுக்கு வாங்கிய உண்ணி மருந்தை டாக்டரைக் கேட்காமல் நாய்க்குப் போடுவது உயிருக்கே ஆபத்து.

உண்ணி முட்டையிடுவது நாயின் மேல் அல்ல, சுவர் விரிசலில். அதனால் நாய் படுக்கும் இடத்தையும் சுத்தம் செய்யுங்கள்.

சாப்பாட்டை ஒதுக்கினாலோ, ஈறு வெளுத்தாலோ, மூக்கில் ரத்தம் வந்தாலோ உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். அன்றே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். பொதுவாக 28 நாள் மாத்திரை தருவார்கள். நாய் தேறிவிட்டதே என்று பாதியில் நிறுத்தாதீர்கள்!

பூச்சிமருந்து அடிக்கும் நாளில், எலி மருந்து வைத்த வயல் பக்கம் அவிழ்த்து விடாதீர்கள்.