மலை ஏறுவோர் பையும் மலைபடுகடாமும்



தம்மம்பட்டியில் எங்கள் வீட்டு மாடியில் நின்றால் ஒருபுறம் கொல்லிமலை, மறுபுறம் பச்சைமலை. சென்ற ஐப்பசியில் என் முன்னாள் மாணவர் ஒருவர் நீண்டதொரு பட்டியலோடு வந்திருந்தார். மலைப்பகுதியில் நிகழும் டிரையத்லான் என்னும் முப்போட்டியில் பங்கேற்பது அவர் கனவு. 3.8 கி.மீ. நீச்சல், 180 கி.மீ. மிதிவண்டி, 42.2 கி.மீ. ஓட்டம், மூன்றும் ஒரே நாளில். நீச்சலுக்குத் தோட்டத்துக் கிணறு, மிதிவண்டிக்குக் காரவள்ளியிலிருந்து சோளக்காடு வரையிலான 70 கொண்டை ஊசி வளைவுகள், ஓட்டத்திற்குத் துறையூர்ச் சாலை எனப் பயிற்சியும் நடந்துகொண்டிருந்தது. பட்டியலில் இருந்தவை யாவும் கடையில் வாங்க வேண்டியவை.

"இவ்வளவும் இருந்தால் போதுமா ஐயா?" என்றார்.

போதாது என்பதை அவருக்கு மலையே முன்னர்ச் சொல்லியிருந்தது. அதற்கு இரு வாரம் முன்பு, விலையுயர்ந்த தலைக்கவசமும் சத்துப் பசைகளுமாக ஏறியவர், உச்சியில் மழையில் சிக்கிக்கொண்டார். மழையங்கி இல்லை, கையுறை இல்லை. இறங்கத் தொடங்கிய சிறிது நேரத்தில் விரல்கள் விறைத்துப் பிரேக்கை அழுத்த முடியவில்லை. மலைவாழ் பெரியவர் ஒருவர் தம் வீட்டுத் திண்ணையில் அமர்த்தி, சுடச்சுடக் கஞ்சி கொடுத்துச் சொன்னாராம்: "ஏறறதுக்கு மூச்சுப் போதும் தம்பி, எறங்கறதுக்குத்தான் கை வேணும்."

எனக்கு மலைபடுகடாம் நினைவுக்கு வந்தது. பெருங்கௌசிகனார் பாடிய அந்த 583 அடிகளை வள்ளலின் புகழ்ப்பாட்டாக மட்டுமே வகுப்பில் நடத்திவிடுகிறோம். உண்மையில் அது மலைவழிப் பயணத்திற்கான கையேடுமாகும். தொடக்கமே மூட்டை கட்டுவதுதான்: முழவு முதலிய இசைக்கருவிகளைப் பைகளிலிட்டு, இருபுறமும் கனம் ஒத்திருக்கும்படி கட்டிச் சுமந்து செல்கின்றனர் கூத்தர். அடுத்து வழியின் இடர்கள்: பன்றிக்கு வைத்த பொறிகள் உண்டு, விடிந்தபின் செல்லுங்கள், தினைப்புனக் காவலர் எறியும் கவண்கல்லுக்கு மரத்தின்பின் ஒதுங்குங்கள், விழுந்த மரம்போல் மலைப்பாம்பு கிடக்கும், விலகிப் போங்கள். இவற்றைச் சொல்பவன் அவ்வழியே சென்று பரிசில் பெற்று மீண்டவன். போய்வந்தவன் போகிறவனுக்குச் சொல்வதே ஆற்றுப்படை.

பழம்பாட்டைப் புதுப்போட்டியோடு முடிச்சுப் போடுவது தமிழாசிரியர் வழக்கம் என்று சிலர் நகைக்கலாம். 2003இல் தொடங்கிய நோர்வே நாட்டு நார்ஸ்மன் போட்டியைப் பாருங்கள். படகிலிருந்து குளிர்ந்த கடற்கழியில் குதிப்பதில் தொடங்கி, கௌஸ்தாதொப்பன் மலையுச்சியில் முடிவது அது. அங்கேயும் உச்சிக்குச் செல்லும் கடைசிக் கட்டத்தைத் துணையாள் ஒருவரின்றி ஏற விதி இடந்தருவதில்லை. கதகதப்பான உடை, உணவு, நீர், தலைவிளக்கு கொண்ட முதுகுப்பையும் கட்டாயம். தனிமனித வலிமையின் உச்சம் எனப்படும் போட்டியே துணையையும் பையையும் ஒப்புக்கொள்கிறது.

ஆகவே என் கருத்து இதுதான்: பையை வெற்றிக்காகக் கட்டாதீர்கள், மழைக்கும் பசிக்கும் இறக்கத்திற்கும் கட்டுங்கள். மாற்று டியூப், காற்றடிப்பான், உலர்ந்த காலுறை, உப்பு, மழையங்கி ஆகியவை முதலில் வரட்டும். முதலில் தேவைப்படுவது மேலே இருக்கட்டும். பயிற்சியில் உடுத்தாத உடையையும், உண்டு பழகாத உணவையும் போட்டி நாளில் தொடாதீர்கள். எல்லாவற்றிற்கும் முன்பாக, போய்வந்த ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். விற்பவர் சொல்லும் பட்டியலில் அவர் விற்கும் பொருள்களே இருக்கும். வழியின் இடர் இராது.

மாணவர் பட்டியலை அங்கேயே திருத்தினார். முதல் வரியில் பொருளெதுவும் எழுதவில்லை. "போய்வந்தவரிடம் கேட்க வேண்டியவை" என்று எழுதி, அதன்கீழ் பாதிப் பக்கத்தை வெறுமையாக விட்டார். அந்தப் பெரியவரைக் காண மறுநாளே மீண்டும் மலையேறப் போவதாகச் சொன்னார், இம்முறை மழையங்கியோடு.