முகாம் வண்டியின் இழுப்பறைக்கு பேரிங் எதற்கு?

1866-ஆம் ஆண்டு. டெக்சஸ் மாட்டுப் பண்ணையாளர் சார்லஸ் குட்நைட், சக பண்ணையாளர் ஆலிவர் லவிங்குடன் சேர்ந்து நியூ மெக்சிகோ வரை மந்தை ஓட்டிப்போகத் தயாராகிக்கொண்டிருந்தார். வாரக்கணக்கில் வெட்டவெளியில் கிடக்கப்போகும் ஆட்களுக்குச் சாப்பாடு போட்டாக வேண்டும். ராணுவம் கழித்துவிட்ட ஸ்டூடிபேக்கர் வண்டி ஒன்றைப் பிடித்து, அதன் பின்பக்கத்தில் மரப்பெட்டி ஒன்றைப் பொருத்தச் செய்தார். அதில் அடுக்கடுக்காகத் தட்டுகள், சின்னச் சின்ன இழுப்பறைகள். கீல் வைத்த மூடியை இறக்கி ஒற்றைக் காலை முட்டுக்கொடுத்தால் அதுவே சமையல் மேடை. ‘சக்வேகன்’ என்று பெயர் பெற்ற இந்த வண்டியைத்தான் 2005-இல் டெக்சஸ் தன் மாநில வாகனமாக அறிவித்தது.

அந்த இழுப்பறைகள் எதிலும் பேரிங் கிடையாது. மரத்தின்மேல் மரம் ஓடியது, அவ்வளவுதான்.

1951-இல் ஜெர்மனியின் வெஸ்ட்ஃபாலியா நிறுவனம் ஃபோக்ஸ்வாகன் வேனுக்காக ‘கேம்பிங் பாக்ஸ்’ கொண்டுவந்தபோதும் அடிப்படை அதேதான்: கழற்றி மாட்டக்கூடிய மரச் சாமான்கள். வார நாளில் வேனில் சரக்கு ஏற்றலாம், சனி ஞாயிறில் அதிலேயே படுத்துத் தூங்கலாம். இன்று வண்டியையே முகாமாக்கும் இந்தப் பழக்கம் உச்சத்தில் இருக்கும் நாடுகளில் ஆஸ்திரேலியாவும் ஒன்று. அங்கே நான்கு சக்கர விசை வண்டி வைத்திருப்பவர் முதலில் ஆசைப்படும் பொருள்களில் ஒன்று பின்பக்கத்து ஜோடி இழுப்பறை. கடைகளில் எஃகுப் பெட்டி, பால் பேரிங் சேனல், மேலே கம்பள விரிப்பு எனத் தயாராக விற்கிறார்கள். விலை ஆயிரம், இரண்டாயிரம் டாலரைச் சாதாரணமாகத் தாண்டும். விற்பனையாளர் ஒற்றை விரலால் தள்ளிக் காட்டுவார். பெட்டி சத்தமில்லாமல் ஓடும். வாங்க வந்தவர் அந்த இடத்திலேயே விழுந்துவிடுவார்.

ஆனால் அது கடைத்தரையின் வழவழப்பு. மட்டமான சிமெண்டுத் தரையில், புழுதியே படாமல் நிற்கும் பெட்டி எப்படி ஓடுகிறது என்பதை வைத்துக் காட்டு வழிக்கான சாமானைத் தேர்ந்தெடுப்பது சரியான அளவுகோல் அல்ல.

ஆஸ்திரேலியாவின் கிப் ரிவர் சாலை மாதிரியான மண் பாதைகள் தகரக் கூரையைப்போல வரிவரியாக மடிந்து கிடக்கும். அவற்றில் வண்டி மணிக்கணக்கில் அதிர்ந்துகொண்டே ஓடும். மூடிக் கிடக்கும் சேனலுக்குள் எஃகுக் குண்டுகள் உருளாமல் ஒரே இடத்தில் நின்றபடி அதிர்கின்றன. இது என்ன செய்யும் என்று அமெரிக்கர்கள் 1930-களிலேயே பட்டுத் தெரிந்துகொண்டார்கள். ரயிலேற்றி அனுப்பிய புத்தம் புதுக் கார்கள் போய்ச் சேர்ந்தபோது, ஒரு மைல்கூட ஓடாத அவற்றின் சக்கர பேரிங்குகளில் குழிகள் விழுந்திருந்தன. உருண்டால் கிரீஸ் பரவும். நின்ற இடத்திலேயே அதிர்ந்தால் தொடும் இடத்திலிருந்து கிரீஸ் விலகிப்போய் எஃகை எஃகு அரிக்கும். வண்டியில் இருக்கும் இழுப்பறை தன் ஆயுளில் பெரும்பகுதியை இப்படி மூடியபடி அதிர்ந்துதான் கழிக்கிறது. போதாக்குறைக்குச் செம்மண் புழுதி. கிரீஸோடு அது கலந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததற்குச் சமம். வீட்டு மாடுலர் கிச்சனில் பத்து வருடம் உழைக்கும் சேனலை இங்கே நம்புவதற்கில்லை.

இன்னொரு விஷயத்தை யாரும் பேசுவதில்லை. அளவுக்கு மீறி எளிதாக ஓடும் இழுப்பறை வண்டியில் ஆபத்து. வண்டி மேடேறி நிற்கும்போது பின்பக்கம் தாழ்ந்திருக்கும். அந்த நிலையில் பின்கதவைத் திறந்து பூட்டை விடுவித்தால், 40 கிலோ சாமானோடு பேரிங் இழுப்பறை தானாகவே ஓடிவந்து முழங்காலில் இடிக்கும். மெழுகு தேய்த்த மரத்தின் உராய்வு எண் சுமார் 0.2. அதாவது ஐந்தடிக்கு ஓரடி ஏறும் சரிவு வரையிலும் அது இருந்த இடத்திலேயே இருக்கும். அதே 40 கிலோவைச் சமதரையில் இழுக்க எட்டு கிலோ விசை போதும். ஒரு கையால் ஆகிற வேலைதான். கொஞ்சம் உராய்வு இருப்பது இங்கே குறையல்ல, வசதி.

மர இழுப்பறை சிக்கும், கோணும், மழைக்காலத்தில் இழுக்கவே வராது என்பது வழக்கமான புகார். பாட்டி காலத்துப் பீரோவை இழுத்துப் பார்த்தவர்கள் அதைப் பொய் என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் குற்றம் பெரும்பாலும் மரத்தின்மேல் இல்லை, அளவின்மேல் இருக்கிறது. இழுப்பறையை ஒரு மூலையில் பிடித்து இழுத்தால் அது கோணலாகத் திரும்பிப் பக்கச் சட்டங்களை அழுத்துகிறது. எப்போது இறுகி நின்றுவிடும் என்பதற்கு எளிய கணக்கு உண்டு: இன்னும் உள்ளே இருக்கும் நீளம், அகலத்தை உராய்வு எண்ணால் பெருக்கி வருவதைவிடக் குறைந்தால் சிக்கும். 90 செ.மீ. அகலமும் 45 செ.மீ. ஆழமும் கொண்ட பெட்டியை எடுத்துக்கொள்ளலாம். மெழுகு இல்லாத மரத்துக்கு உராய்வு 0.4 என்றால், உள்ளே 36 செ.மீ. மிச்சம் இருக்கும்போதே, அதாவது 9 செ.மீ. வெளியே வந்ததுமே அது மக்கர் பண்ணும். அதே பெட்டியைத் திருப்பிப்போட்டு 45 செ.மீ. அகலம், 90 செ.மீ. ஆழம் என்று செய்தால் 72 செ.மீ. வரை வழியில் தடையில்லை. மெழுகும் தேய்த்தால் 81 செ.மீ. வண்டியின் பின்பக்கம் ஒடுக்கமும் ஆழமுமாக இருப்பது இதற்கென்றே அமைந்த மாதிரி. அகலமான ஒரே இழுப்பறைக்கு ஆசைப்படாமல் இரண்டாகப் பிரித்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

மழைக்காலப் புகாருக்கு விடை பிளைவுட். 20 செ.மீ. அகல ஓக் பலகையில் ஈரம் நான்கு விழுக்காடு கூடினால் அகலம் ஏறத்தாழ 3 மி.மீ. வரை ஏறிவிடும். ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரத்து மழைக்காலப் புழுக்கத்திலிருந்து கிளம்பி ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் வறட்சிக்குப் போகும் வண்டியில் அந்த 3 மி.மீ. போதும், இழுப்பறை ஒருநாள் இறுகி மறுநாள் கடகடக்க. பிளைவுட்டில் ஒரு தாளின் ரேகைக்குக் குறுக்கே அடுத்த தாளின் ரேகை போவதால் ஒன்றையொன்று விரியவிடாமல் பிடித்துக்கொள்கிறது. வண்டி வேலைக்குப் பலரும் விரும்புவது பர்ச் மரப் பிளைவுட், 12 மி.மீ. கனத்திலேயே ஒன்பது தாள்கள் இருக்கும், சதுர மீட்டருக்கு எடை சுமார் 8 கிலோ. ஒரு மீட்டர் அகலத்தில் இரண்டு இழுப்பறையும் வெளிக்கூடும் சேர்த்து 40 கிலோ அளவில் முடித்துவிடலாம். திருகாணியை மட்டும் நம்பக் கூடாது. பிளைவுட்டின் விளிம்பில் திருகாணிப் பிடி பலவீனம், குலுக்கலில் கழன்றுவரும். காடி வெட்டிக் கோத்து, பசை போட்டு ஒட்டிய மூட்டுதான் நிற்கும்.

ஓடுதளத்துக்கு அதிகச் செலவில்லை. இழுப்பறையின் அடியில் இரண்டு ரீப்பர் கட்டை. அவை உட்காரும் இடத்தில் 3 மி.மீ. கனப் பாலிஎத்திலீன் பட்டை. கடையில் தனியாகவே கிடைக்கும். காய் நறுக்கும் வெள்ளைப் பிளாஸ்டிக் பலகையை அறுத்துப் போட்டுக்கொள்பவர்களும் உண்டு. பக்கத்துக்கு 2 மி.மீ. இடைவெளி விட்டால் போதும். சாதாரண சேனலுக்குப் பக்கத்துக்கு 12.7 மி.மீ. போய்விடும், கனரகச் சேனல் என்றால் 19. ஜோடி இழுப்பறைக்கு நான்கு சேனல் என்று கணக்கிட்டால் 5 முதல் 7.6 செ.மீ. அகலம் வீண். பராமரிப்பு என்பது வருடத்துக்கு ஓரிரு முறை மெழுகுவத்தியை எடுத்துத் தேய்ப்பது. எண்ணெயோ கிரீஸோ போட்டால் புழுதி அப்பிக்கொள்ளும். மெழுகில் அந்தத் தொல்லை குறைவு.

குலுக்கலில் மரத்தின் பிடியும் தளரும் என்பதால் பூட்டு கட்டாயம். இதற்குப் படகுத் தச்சர்களின் பழைய உத்தி ஒன்று இருக்கிறது. இழுப்பறையின் பக்கப் பலகையில், முன்பக்கத்தை ஒட்டி அடியில் ஒரு சிறு வெட்டு. மூடியதும் அந்த வெட்டு குறுக்குச்சட்டத்தின்மேல் இறங்கி உட்கார்ந்துகொள்ளும். சற்றுத் தூக்கி இழுத்தால்தான் வரும். படகு எவ்வளவு ஆடினாலும் திறக்காது, உடைய ஒரு ஸ்பிரிங்கும் இல்லை. வண்டியில் இதோடு ஒரு தாழ்ப்பாளும் போட்டுவிடுவது நல்லது. பெட்டியை வண்டியின் உடலோடு போல்ட் போட்டு இறுக்குவதிலும், இருக்கைக்குப் பின்னால் சரக்குத் தடுப்பு வைப்பதிலும் மட்டும் சிக்கனம் பார்க்கக் கூடாது. இந்தத் தடுப்புக்கென்றே ஆஸ்திரேலியாவில் ஏ.எஸ்./என்.இசட்.எஸ். 4034 என்ற தரநிலை இருக்கிறது.

மரம் தோற்கும் இடமும் உண்டு. மர இழுப்பறையை முழுக்க வெளியே இழுக்க முடியாது. நாலில் ஒரு பங்காவது உள்ளே இருக்க வேண்டும், மேலே ஒரு கட்டை அது முன்னால் குப்புறச் சாயாமல் அமுக்கிப் பிடிக்க வேண்டும். அந்தக் கடைசிப் பகுதியில் கயிறு, ஜாக்கி என்று அடிக்கடி தேவைப்படாததை வைத்துச் சமாளிக்கலாம். 12 வோல்ட் குளிர்பெட்டியை அப்படிச் சமாளிக்க முடியாது. 40 லிட்டர் பெட்டி காலியாகவே 20 கிலோ அளவில் இருக்கும். மூடி மேல்பக்கம் திறப்பதால் முழுதாக வெளியே வந்தாக வேண்டும். அதற்கு மட்டும் முழு நீளம் ஓடும் எஃகு சேனல் வேண்டும், உள்ளே தள்ளினாலும் வெளியே இழுத்தாலும் பூட்டிக்கொள்ளும் வகையில். அந்த ஒரு ஜோடியை நல்லதாகப் பார்த்து வாங்கிவிட்டு, மற்ற இழுப்பறைகளுக்கு ஒதுக்கிய பணத்தில் டீசல் போட்டுக்கொள்ளலாம்.