பெனரில் படம் வந்தால் போதுமா?



உயர்தரப் பெறுபேறு வந்ததும் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் டியூஷன் வகுப்புகளின் பெனர்கள் தொங்கும். மருத்துவபீடம் போகும் பிள்ளையின் படம் நடுவில் இருக்கும். நாமும் மாஷா அல்லாஹ் சொல்லி ஷெயார் பண்ணுவோம். அந்தப் பிள்ளை எப்படிப்பட்ட வைத்தியராக வரும் என்று மட்டும் கேட்கமாட்டோம்.

கொவிட் காலத்தை நாம் மறக்கவில்லை. தொற்றால் இறந்தவரை அடக்கவும் செய்யலாம், எரிக்கவும் செய்யலாம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2020 மார்ச்சிலேயே சொல்லிவிட்டது. ஆனால் ஏப்ரலில் இங்கே எரிப்பது கட்டாயமானது. நிலத்தடி நீர் மாசுபடும் என்றார்கள். பொரளை கனத்தை மயான வேலியில் வெள்ளைத் துணி கட்டி நின்றோம். மாற்று மதச் சகோதரர்களும் வந்து கட்டினார்கள்.

அப்படிச் சொன்னவர்களில் படித்த நிபுணர்களும் இருந்தார்கள். பிறகு ஆதாரங்களைப் பார்த்து, அடக்கம் செய்யலாம் என்று பகிரங்கமாகச் சொன்ன சமுதாய மருத்துவர்கள் கல்லூரியும் இலங்கை மருத்துவ சங்கமும் படித்தவர்களுடையவைதான். 2021 பெப்ரவரி இறுதியில்தான் அனுமதி கிடைத்தது. அடுத்த மாதம் ஓட்டமாவடியில் ஜனாஸாக்கள் அடக்கப்பட்டன.

இரு தரப்புக்கும் பாடப்புத்தகம் ஒன்றுதான். அப்படியானால் வித்தியாசம் எங்கே?

2010இல் லான்செட் மருத்துவ சஞ்சிகையின் ஆணைக்குழு, சுகாதாரத் துறையினரின் கல்வியை மூன்று படியாகப் பிரித்தது. முதற்படி தகவலும் திறனும் தரும், நிபுணர் உருவாவார். இரண்டாவது தொழிலின் விழுமியங்களைத் தரும். மூன்றாவது உருமாற்றும் கற்றல். தான் நம்பி வந்ததையே திருப்பிக் கேள்வி கேட்டு, ஆதாரத்தை எடைபோட்டு, மாற்றத்துக்கு முன்நிற்பவரை அது உருவாக்கும். அன்று நமக்குத் தேவைப்பட்டது அந்த மூன்றாவது படிதான்.

அதை மருத்துவபீடம் மட்டும் பார்த்துக்கொள்ளட்டும் என்று ஆசிரியர்களாகிய நாம் கைகழுவ முடியாது. "ஏன் சேர்?" என்று கேட்கும் பிள்ளையை, "சிலபஸ் முடியல்ல, உட்காருங்க" என்று அடக்குவது நாம்தான். பன்னிரண்டு, பதின்மூன்று வருடம் வாய்பொத்தி வளர்ந்தவர், பெரிய மேசையில் அநியாயமான முடிவு எடுக்கப்படும்போது எப்படி எழுந்து பேசுவார்?

இன்ஷா அல்லாஹ், நாளை வகுப்பில் ஒரு பிள்ளையின் கேள்விக்காவது நேரம் கொடுப்போம். பெற்றோரே, வீட்டில் நீங்களும் மார்க்ஸோடு சேர்த்து, "இன்று என்ன கேள்வி கேட்டாய்?" என்றும் கேளுங்கள்.