எவரெஸ்ட் பேஸ் கேம்ப் டிரெக்: சொதப்புவது மலையா, ரிட்டர்ன் டிக்கெட்டா?

2011 நவம்பரில் நேபாளத்தின் லுக்லாவை மூடுபனி மூடியது. கிட்டத்தட்ட ஒரு வாரம் விமானங்கள் பறக்கவில்லை. டிரெக்கிங்கை நல்லபடியாக முடித்துவிட்டு ஊர் திரும்பக் காத்திருந்த ஆயிரக்கணக்கானோர் அந்தச் சின்ன மலையூரிலேயே மாட்டிக்கொண்டார்கள்.

அது ஒரு வார முடக்கம். ஓரிரு நாள் விமானம் ரத்தாவது லுக்லாவில் சகஜம். ஆனாலும் பலருடைய பயணத் திட்டம் இப்படித்தான் இருக்கிறது: 12 நாள் நடை, 13-வது நாள் காத்மாண்டு, 14-வது நாள் வீடு, மறுநாள் காலை ஆபீஸ். உபரியாக ஒரு நாள்கூட இல்லை. சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

லுக்லாவில் அப்படி என்ன பிரச்சினை?

கடல் மட்டத்திலிருந்து 2,800 மீட்டருக்கு மேலே இருக்கிறது இந்த விமான நிலையம். ஓடுபாதையின் நீளம் 527 மீட்டர்தான். ஒரு முனையில் பள்ளத்தாக்கு, மறுமுனையில் மலை. ஓடுபாதையைக் கண்ணால் பார்த்துத்தான் பைலட் விமானத்தை இறக்க முடியும். மேகம் மறைத்தால் அவ்வளவுதான். மதியத்துக்கு மேல் காற்று பலமாக வீசும் என்பதால், பெரும்பாலான விமானங்கள் காலையிலேயே பறந்துவிடும். காலை போனால் அன்றைய நாளே போச்சு. மறுநாள் விமானத்துக்கு ஏற்கெனவே டிக்கெட் வாங்கியவர்கள் இருப்பார்கள். அதனால் காத்திருப்போர் வரிசை நீண்டுகொண்டே போகும்.

சீசனில் பல விமானங்கள் காத்மாண்டுவுக்குப் பதிலாக, ராமேச்சாப் மாவட்டத்தின் மந்தலியிலிருந்து கிளம்புகின்றன. காத்மாண்டுவிலிருந்து அங்கே போக நான்கைந்து மணி நேரம் ஆகும். நள்ளிரவிலேயே வண்டி ஏற வேண்டும்.

ஒரு நாள் தாமதமானால் என்ன ஆகிவிடும்?

தாமதம் ஆபத்தில்லை. அதை ஈடுகட்ட நினைப்பதுதான் ஆபத்து. நாம்சே பஜார் (3,440 மீட்டர்), டிங்போசே (4,410 மீட்டர்) ஆகிய இடங்களில் கூடுதலாக ஒரு நாள் தங்குவது வழக்கம். காகிதத்தில் பார்த்தால் அவை 'சும்மா இருக்கும் நாள்கள்'. உண்மையில் உடம்பு உயரத்துக்குப் பழகுவதே அந்த நாள்களில்தான். 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு, இரவு தூங்கும் உயரத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பது மலை மருத்துவத்தின் அடிப்படைப் பாடம்.

அவசரப்பட்டு அந்த நாள்களை வெட்டினால் தலைவலி, குமட்டலில் தொடங்கும். 'பார்த்துக்கலாம்' என்று மேலே ஏறினால் நுரையீரலில் நீர் கோக்கலாம், மூளை வீங்கலாம். உயிரே போகலாம். தினமும் ஜிம்முக்குப் போகிறவருக்கும் இதில் சலுகை கிடையாது. முக்கியமான சிகிச்சை, உடனே கீழே இறங்குவது.

வானிலையும் யாருடைய தேதியையும் பார்ப்பதில்லை. 2014 அக்டோபரில் விசாகப்பட்டினத்தைத் தாக்கிய ஹுட்ஹுட் புயல், வலுவிழந்து வடக்கே நகர்ந்து அன்னபூர்ணா பகுதியில் பனிப்புயலாகக் கொட்டியது. 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதில் நேபாள வழிகாட்டிகளும் உண்டு. அன்று எச்சரிக்கை பலரைச் சென்று சேரவில்லை. இன்று முன்னறிவிப்பு போனிலேயே வருகிறது. ஆனால் அதைப் பார்த்துவிட்டு ஒரு நாள் பொறுத்திருக்க, கையில் ஒரு நாள் மிச்சம் இருக்க வேண்டுமே!

ஹெலிகாப்டர், இன்ஷூரன்ஸ் இருக்கே?

மேகம் மூடினால் ஹெலிகாப்டரும் பறக்காது. தேவையில்லாத 'மீட்பு' ஹெலிகாப்டர்களில் ஏற்றி இன்ஷூரன்ஸ் பணம் கறக்கும் மோசடி பற்றி 2018-ல் நேபாள அரசே விசாரணை நடத்தியது. இன்ஷூரன்ஸிலும் ஒரு விஷயம் இருக்கிறது. குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் செல்லாத பாலிசிகள் ஏராளம். பேஸ் கேம்ப் இருப்பது 5,364 மீட்டரில். பாலிசியில் உயர வரம்பு எவ்வளவு என்று பார்க்காமல் பணம் கட்டுவது வீண்.

லீவு கிடைக்கணுமே?

நியாயமான கேள்விதான். இரண்டு வாரம் லீவு வாங்குவதே பலருக்குப் பெரும்பாடு. ஆனால் லீவு குறைவாக இருந்தால், குறைக்க வேண்டியது ஓய்வு நாள்களை அல்ல, தூரத்தை. லுக்லாவிலிருந்து தெங்போசே மடாலயம் வரை போய்த் திரும்ப ஒரு வாரம் போதும். வானம் தெளிவாக இருந்தால் எவரெஸ்டும் அமா தப்லமும் அங்கிருந்தே தெரியும். பேஸ் கேம்ப்தான் வேண்டும் என்றால், குறைந்தது இரண்டு, மூன்று உபரி நாள்களோடு லீவு போட வேண்டும். அந்த நாள்கள் இருந்தால், விமானம் வராவிட்டாலும் சல்லேரி வரை நடந்து இறங்கி, அங்கிருந்து ஜீப் பிடிக்கலாம்.

டிரெக்கிங் நிறுவனங்களுக்கும் இதில் பொறுப்பு உண்டு. '12 நாள் பேக்கேஜ்' என்று விற்கும்போதே, உபரி நாள்களையும் அதற்கான செலவையும் அதே பக்கத்தில் போட வேண்டும். வாடிக்கையாளரின் அவசரத்துக்கு வளைந்து கொடுத்து, அதே மலையில் அவரோடு சேர்ந்து ஏறப் போவது வழிகாட்டியும் சுமை தூக்குபவரும்தான். தாமதத்தின் விலை ஒரு விமான டிக்கெட். அது போனால் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம்.