காதறியும் மோனை

சென்ற கிழமை ஆங்கிலக் கவிதையின் இயைபைப் பற்றிக் கூறினோம். இன்று அம்மொழியின் மோனையை நோக்குவோம்.

மோனை அமைய ஓரடி எழுதுமாறு வகுப்பிலே பணித்திருந்தோம். மாணவர் ஒருவர் ‘ஷைனிங் மெஷீன் ஒன் த ஷோர்’ என்று எழுதினார். கரையிலே மின்னும் பொறி என்பது பொருள். மெஷீன் ‘எம்’ என்னும் எழுத்திலே தொடங்குகின்றதே என்று சிவப்பு மையாற் கீறிப் புள்ளியைக் குறைத்தோம். மறுநாள் அவர் எழுந்து, “ஐயா, ஒருமுறை வாய்விட்டு வாசியுங்கள்” என்றார். வாசித்தோம். பிழை நம்முடையதே! அச்சொல்லில் அழுத்தம் விழுவது ‘ஷீன்’ என்னும் இரண்டாம் அசையிலன்றோ?

தமிழ் மோனையிற் பழகியவர்க்கு இவ்விடறல் எளிதில் நேரும். நமக்குச் சீரின் முதலெழுத்தே போதும். ஆங்கிலத்திலோ எழுத்தை நம்பலாகாது. நைஃப், கிங் இரண்டையும் ‘கே’ இட்டே எழுதுவர், மோனை இல்லை. ஃபோட்டோவும் ஃபிஷ்ஷும் வெவ்வேறு எழுத்திலே தொடங்குவன, மோனை உண்டு.

இவ்வழக்கம் மிகப் பழையது. ஏறத்தாழ 1000ஆம் ஆண்டளவில் எழுதப்பட்ட ஒரே ஏட்டில் எஞ்சிய ‘பேயோவுல்ஃப்’ காப்பியம் 3182 அடிகளும் மோனையாலே கட்டுண்டது. அதிலே ஓரடி இரு பாதியாகும். பாதிக்கு இரண்டு அழுத்தம். இரண்டாம் பாதியின் முதல் அழுத்தத்து ஒலி எதுவோ அதுவே முதற்பாதியிலும் வந்து இரண்டையும் பிணைக்கும். உயிரெழுத்திலே அவர்கள் நம்மினுந் தாராளர். நாம் அகரத்துக்கு ஆ, ஐ, ஔ என இனம் வகுத்தோம். அவர்களுக்கு எவ்வுயிரும் எவ்வுயிரோடும் மோனையாம். 1066இல் நோர்மானியர் இங்கிலாந்தை வென்றபின் பிரெஞ்சு வழிவந்த இயைபு மெல்ல ஓங்கிற்று. ஆயினும் நாம் ‘கண்ணும் கருத்தும்’ என்பதுபோல அவர்கள் இன்றும் ‘ஸேஃப் அன்ட் ஸவுண்ட்’ என்கின்றனர்.

தாமே ஆக்க விரும்பும் மாணவர் பொருளுக்கு உயிரான சொல்லை முதலிற் கொள்க. மழையைப் பாடுவதாயின் ‘ரெயின்’. ‘ரெயின் ரோர்ட் ஒன் த ரூஃப்’, மழை கூரைமேல் ஆர்த்தது, என்றால் ஓசையும் பொருளும் ஒன்றாயின. ‘ரிமெம்பர்’ இங்கு உதவாது. அதன் அழுத்தம் ‘மெம்’மில். இன்னும் நான்கு ரகரச் சொற்களை அடுக்கினாலோ நாப்பிறழ் விளையாட்டாகிவிடும்!

அம்மாணவருக்குப் புள்ளியைத் திருப்பிக் கொடுத்தோம். அன்று மாலை எஞ்சிய விடைத்தாள்களையும் எடுத்து வாய்விட்டு வாசித்தோம். மேலும் இருவருக்குப் புள்ளி கூடிற்று, ஒருவருக்குக் குறைந்தது.