சத்துமாவோடு முடிந்துவிடுகிறதா?

ஜூன் மாதம் வந்தால் எங்கள் வங்கிக் கிளையில் நகைக்கடன் கூட்டம் பெருகிவிடும். கம்மலைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, காதில் ஈர்க்குச்சியைச் செருகிக்கொண்டு நிற்பாள் ஒரு தாய். விண்ணப்பத்தில் காரணம் எழுத வேண்டும் என்பதற்காகக் கேட்பேன்.

"எதுக்கும்மா பணம்?"

"சின்னவள எல்கேஜி சேக்கணும் சார்."

அவள் சேரியிலேயே அங்கன்வாடி இருக்கிறது. காசு கிடையாது. "அங்க ஏம்மா விடல?" என்றால், "அது சோறு போடுற எடம் சார். படிப்பு எங்க சொல்லித் தர்றாங்க?" என்கிறாள்.

இந்தப் பதிலில் அரை நூற்றாண்டு அரசாங்கக் கொள்கை முழுசாக இருக்கிறது. 1975 அக்டோபர் 2இல் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியபோது அறிவித்த சேவைகள் ஆறு. சத்துணவு, தடுப்பூசி வரிசையில் முன்பருவக் கல்வியும் ஒன்று. மற்றதெல்லாம் நடந்த அளவுக்கு அது நடக்கவில்லை. சோறு முக்கியமில்லை என்று நான் சொல்லவில்லை. பட்டினி கிடக்காதவன்தான் அப்படிச் சொல்வான். 1982இல் விரிந்த சத்துணவு எத்தனையோ சேரிப் பிள்ளைகளைப் பிழைக்க வைத்தது. என் கேள்வி வேறு. நம் பிள்ளைக்கு வயிறு மட்டும்தானா இருக்கிறது?

சட்டத்தைப் பாருங்கள். அரசியல் சட்டத்தின் பழைய 45ஆம் பிரிவு, 14 வயது வரை எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசக் கல்வி என்றது. எந்த வயதிலிருந்து என்று கோடு போடவில்லை. 1993 உன்னிகிருஷ்ணன் வழக்கில் உச்சநீதிமன்றம் அதை அடிப்படை உரிமை என்றது. 2002இல் வந்த 86ஆம் திருத்தம் கோடு போட்டது. 6 முதல் 14 வரை உரிமை. ஆறுக்குக் கீழே அரசின் 'முயற்சி' மட்டும். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 11ஆம் பிரிவு இன்னும் நாசூக்கு. முன்பருவக் கல்விக்கு அரசு ஏற்பாடு 'செய்யலாம்' என்கிறது. செய்யலாம் என்றால் செய்யாமலும் இருக்கலாம்.

அதே சட்டம், தனியார் பள்ளியில் எல்கேஜி இருந்தால் அங்கேயும் 25 விழுக்காடு இடம் ஒதுக்கி, அதற்கான செலவை அரசு தரச் சொல்கிறது. தனியார் நர்சரி என்றால் அது கல்வி. நம் தெரு அங்கன்வாடி என்றால் அது சத்துமாவு. தமிழகத்தில் 2019இல் 2381 அங்கன்வாடிகளில் எல்கேஜி, யுகேஜி தொடங்கினார்கள். 2022இல் பள்ளிக்கல்வித் துறை அதைக் கைகழுவப் பார்த்தது. எதிர்ப்புக் கிளம்பியதும் தொடரும் என்றார்கள். உரிமை என்று எழுதி வைக்காத எதையும் ஒரே சுற்றறிக்கையில் பிடுங்கிவிடலாம் என்பதுதான் இதில் பாடம்.

அடுத்தது, இடம். நான் படித்த பால்வாடி ஊர்த்தெருக் கோயிலை ஒட்டி இருந்தது. ஆயா எங்களுக்குத் தண்ணீரை உயரத்திலிருந்து கையில் ஊற்றும். சிந்தியதுதான் அதிகம். எழுத்து தெரிவதற்கு முன்னால் நான் கற்ற முதல் பாடம் அதுதான். 2004இல் உச்சநீதிமன்றம், எல்லா தலித், பழங்குடிக் குடியிருப்புகளிலும் அங்கன்வாடி வேண்டும், புதியவற்றில் அவற்றுக்கே முன்னுரிமை என்று ஆணையிட்டது. "சேரியில வச்சா ஊர்ப் பிள்ளைக வராதே, தனிப்பள்ளி ஆயிடுமே" என்று நம் தோழர்களே சிலர் தயங்குகிறார்கள். வராவிட்டால் அது யாருடைய நோய்? நாலு வயசுப் பிள்ளை சாதி ஒழிப்புக்காக ஊர்த்தெருவில் நின்று அவமானப்பட வேண்டுமா? சேரியில் வை. வேண்டுமென்றால் அவர்கள் நடந்து வரட்டும்.

அங்கே சமைப்பவர், சொல்லித் தருபவர் யார் என்பதும் சின்ன விஷயமல்ல. 2018இல் அவினாசி அருகே ஓர் அரசுப் பள்ளியில் அருந்ததியப் பெண் சமைக்கக் கூடாது என்று சாதி இந்துக்கள் பள்ளியையே முடக்கினார்கள். அதிகாரிகள் செய்த முதல் வேலை, அந்தப் பெண்ணை இடமாற்றியது. போராடித்தான் அது ரத்தானது.

1965இல் அமெரிக்காவில் 'ஹெட் ஸ்டார்ட்' வந்தபோது மிசிசிப்பியின் கறுப்பின மக்கள் வேறொன்று செய்தார்கள். சிவில் உரிமைப் போராட்டக்காரர்களும் தாய்மார்களும் சேர்ந்து அரசுப் பணத்தில் தாங்களே மையங்களை நடத்தினார்கள். வெள்ளைப் பண்ணைக்காரனின் வயலை நம்பியிருந்த பெண்ணுக்கு அங்கே சம்பளம் கிடைத்தது. அதனால்தான் அந்த மாநில செனட்டர் ஸ்டென்னிஸ் நிதியை நிறுத்தப் பாய்ந்தார். மழலையர் பள்ளி அதிகாரத்தை அசைக்கும் என்று ஆதிக்கக்காரனுக்குத் தெரிந்திருக்கிறது. நமக்குத்தான் இன்னும் தெரியவில்லை.

நம் அங்கன்வாடி ஊழியர் இன்றும் அரசு ஊழியர் அல்ல. அவருக்குத் தருவது 'மதிப்பூதியம்'. 2022இல் உச்சநீதிமன்றம்தான் பணிக்கொடை பெற உரிமை உண்டு என்று சொல்ல வேண்டியிருந்தது. எடை பார்ப்பது, பதிவேடு எழுதுவது, கணக்கெடுப்பு, தேர்தல் வேலை எல்லாம் முடித்து ஆனா ஆவன்னா எப்போது சொல்லித் தருவார்?

ஒரு உண்மையையும் சொல்லிவிடுகிறேன். என் மகள் படிப்பது தனியார் நர்சரியில்தான். நகைக்கடன் வாங்காமல் சம்பளத்தில் கட்டுகிறேன், அவ்வளவே வித்தியாசம். சேரியிலிருந்து வேலைக்குப் போன நாமெல்லாம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியேறினோம். கேள்வி கேட்க ஆள் இல்லாமல் பால்வாடி சோற்றோடு நின்றுபோனது. இந்தக் குற்றத்தில் எனக்கும் பங்கு உண்டு.

ஆகவே மூன்று வயதிலிருந்தே கல்வி உரிமை வேண்டும். 'செய்யலாம்' என்பது 'செய்தாக வேண்டும்' ஆக வேண்டும். அங்கன்வாடி டீச்சருக்கு ஆசிரியர் பயிற்சியும் காலமுறை ஊதியமும் வேண்டும். கல்லூரிகளில் இடஒதுக்கீட்டுக்குப் போராடுகிற மாணவத் தோழர்களே, அந்த வாசல் வரைக்கும் வராமலே உதிர்ந்து போகிறவர்கள் உங்கள் தெருவில்தான் இருக்கிறார்கள். இந்த விடுமுறையில் ஊருக்குப் போனால் அங்கன்வாடித் தரையில் ஒரு மணி நேரம் உட்காருங்கள். அங்கே பலகை இருக்கிறதா, பாட்டு இருக்கிறதா, தண்ணீரை டம்ளரில் தருகிறார்களா என்று பாருங்கள்.

பார்த்ததை எழுதிக் கலெக்டர் மேசையில் வையுங்கள்.